அரிமா சங்கம்: 34 உறுப்பினர், 19 குழு, வேலை பார்ப்பது மூன்று பேர். எங்கிருந்து தொடங்குவது?

தாலுகாக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஜூலை 1 முதல் எங்கள் ஊர் அரிமா சங்கத்துக்கு (லயன்ஸ் கிளப்) நான் தலைவர். ஊர் தாலுகா தலைநகர், உறுப்பினர்கள் 34 பேர். சங்கக் கையேட்டில் 19 குழுக்கள் அச்சாகியிருக்கின்றன: கண்ணொளி, நீரிழிவு, பசிப்பிணி, சுற்றுச்சூழல், இளைஞர், மகளிர், விளையாட்டு என்று நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் பெயர் உண்டு. குழுவாக ஒருமுறை உட்கார்ந்ததாகக் கூட்டக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர்தான் எல்லாவற்றையும் சுமக்கிறார்கள்.

மூன்று சந்தேகங்கள். எத்தனை குழு போதும், அதில் யாரைப் போடுவது? குழுவின் கையில் பணம் கொடுக்கலாமா? (இப்போது ஒரே வங்கிக் கணக்கு. சந்தா, நன்கொடை எல்லாம் அதில்தான்.) செப்டம்பரில் கண் சிகிச்சை முகாம் நடத்த எண்ணம், அதற்கான குழு எப்போது என்ன செய்யவேண்டும்?

"ஒற்றுமையாக இருங்கள்" வகை அறிவுரை வேண்டாம். தேதி, தொகை, காகிதம் வரை இறங்கிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய செயலர்

சார், அந்தப் பத்தொன்பதும் குழு இல்லை, பெயர்ப்பலகை. பதவி கேட்டவரிடம் இல்லையென்று சொல்ல முடியாமல் போன ஒவ்வோர் ஆண்டும் ஒன்று முளைத்திருக்கும்.

முதலில் ஆளை எண்ணுங்கள். 34 பேர் என்றாலும், கடந்த ஆறு கூட்டங்களின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் பாதிக்குமேல் வந்தவர்கள் 18, 20 பேர்தான் தேறுவார்கள். ஒரு குழு நடக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். அப்படியானால் உங்களால் தாங்க முடிந்தது நான்கு குழு: சேவை, உறுப்பினர், செய்தித் தொடர்பு, நிதி. முதல் மூன்றுக்கும் சர்வதேச சங்கத்தின் மாதிரி விதிகளிலேயே இடமிருக்கிறது. சேவைத் தலைவர், உறுப்பினர் தலைவர், மார்க்கெட்டிங் தலைவர் மூவரும் சங்கத்தை நடத்தும் இயக்குநர் குழுவில் உட்காருபவர்கள். குளோபல் ஆக்‌ஷன் டீம் என்று லயன்ஸ் மாவட்டத்தில் அடிக்கடி சொல்வார்களே, சங்க அளவில் அதற்கு நீங்கள்தான் தலைவர். முதல் துணைத் தலைவர் பயிற்சியைப் பார்ப்பார். உறுப்பினர் தலைவரும் சேவைத் தலைவரும் மற்ற இருவர். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இருப்பதை இயக்கினாலே போதும்.

கண் முகாம், மரக்கன்று, பள்ளிக்கு இருக்கை போன்றவற்றுக்கு நிரந்தரக் குழு எதற்கு? சேவைக் குழுவின் கீழ் தற்காலிகப் பணிக்குழு போடுங்கள். வேலை முடிந்து கணக்கு ஒப்படைத்ததும் அது கலைந்துவிட வேண்டும். கலையாத பணிக்குழுதான் அடுத்த ஆண்டு இருபதாவது பெயர்ப்பலகை ஆகும்.

ஆள் தேர்வுக்கு: தேர்தல் ஏப்ரல் 15க்குள் முடிந்துவிடுவதால் ஜூன் 30 வரை பத்து வாரம் கையில் இருக்கிறது. மே மாதத்தில் எல்லா உறுப்பினருக்கும் அரைப்பக்கப் படிவம் ஒன்று கொடுங்கள். எந்தக் கிழமை ஓய்வு, மாதம் எத்தனை மணி நேரம் தர முடியும், வண்டி உண்டா, என்ன வேலை தெரியும், எந்த மாதம் அறவே முடியாது. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் தலைகாட்ட மாட்டார். ஆடிட்டர் ஜூலையிலும் செப்டம்பரிலும் கிடைக்க மாட்டார். ஆசிரியருக்கு மார்ச், ஏப்ரல் ஆகாது. இது தெரியாமல் பொறுப்பு கொடுத்துவிட்டுப் பிறகு "அவர் வருவதே இல்லை" என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

குழுத் தலைவராகச் செயலாளரையோ பொருளாளரையோ போடாதீர்கள். நீங்களும் உட்காராதீர்கள், எல்லாக் குழுவிலும் உங்களுக்கு உறுப்பினர் இடம் இருக்கும், அது போதும். ஒவ்வொரு குழுவிலும் அடுத்த ஆண்டு அதை ஏற்கப்போகிறவர் இந்த ஆண்டே துணைத் தலைவராக இருக்கட்டும். உறுப்பினர் குழுவுக்கு மட்டும் மூன்றாண்டுச் சுழற்சி நல்லது: ஆண்டுக்கு ஒருவர் புதிதாக வருவார், மூத்தவர் தலைவராவார், பிறகு விலகுவார். புது உறுப்பினரைச் சேர்ப்பதைவிட அவரை இரண்டாம் ஆண்டுக்குக் கொண்டுபோவது கடினம். அதற்கு ஆள் நினைவு வேண்டும்.

அடுத்தது பணி ஆணை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பக்கம். என்ன வேலை, யார் யார், கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம், எதை இயக்குநர் குழுவிடம் கட்டாயம் கேட்கவேண்டும், எந்தத் தேதிக்குள் அறிக்கை. நடுவில் உள்ள இரண்டும் இல்லாத குழு ஒன்று எல்லாவற்றையும் உங்களிடம் கேட்கும், அல்லது எதையுமே கேட்காது. இரண்டில் எது மோசம் என்று சொல்வது கஷ்டம்.

இயக்குநர் குழுக் கூட்டம் மாதம் ஒருமுறை, நிலையான கிழமை, 75 நிமிடம். குழு அறிக்கைகள் மூன்று நாள் முன்னதாக ஐந்து வரியில் வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். கூட்டத்தில் அதைப் படிக்கக் கூடாது. முடிவு தேவைப்படும் விஷயத்தை மட்டும் பேசுங்கள். குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆள்) பெரும்பான்மை, அதாவது இயக்குநர் குழுவில் 15 பேர் என்றால் 8. குறிப்பேட்டில் யார் என்ன பேசினார் என்று எழுதாமல் என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி என மூன்றை எழுதினால் போதும். வாட்ஸ்அப்பில் பத்துக் கட்டைவிரல் விழுந்தால் அது தீர்மானம் ஆகிவிடாது. அவசரத்துக்கு அப்படி முடிவெடுத்திருந்தால் அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெற்று ஏட்டில் ஏற்றுங்கள்.

பழைய 19 தலைவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கையேட்டில் பெயர் வருவதுதான் அவர்களில் பலருக்கு வேண்டியது. "திட்ட ஆலோசகர்கள்" என்று ஒரே தலைப்பின் கீழ் எல்லாப் பெயரையும் போட்டுவிடுங்கள். பிளெக்ஸிலும் படம் வரட்டும். செலவு ஒன்றும் இல்லை.

---

கணக்குப்பிள்ளை

குழு போடுவதற்கு முன்னால் அந்த ஒற்றை வங்கிக் கணக்கைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் ஆறப்போடலாம், இதைப் போடக்கூடாது.

லயன்ஸில் நிர்வாகப் பணமும் பொதுப்பணமும் வேறு வேறு. சந்தா, நுழைவுக் கட்டணம், கூட்ட உணவுக்குக் கட்டுவது, அபராதம் ஆகியவை நிர்வாகம். பொதுமக்களிடம் நன்கொடையாகவோ டிக்கெட்டாகவோ வாங்கியது பொதுப்பணம். அதற்கு வங்கி தரும் வட்டியும் பொதுப்பணமே. பொதுப்பணம் திரும்ப மக்களிடமே போகவேண்டும். பதவியேற்பு விழா, பொன்னாடை, நினைவுப் பரிசு, லயன்ஸ் மாவட்ட ஆளுநர் வருகை விருந்து, மாவட்ட மாநாட்டுப் பயணம் எதற்கும் அதைத் தொட முடியாது. நிதி திரட்டிய நிகழ்ச்சியின் நேரடிச் செலவை மட்டும் கழிக்கலாம். உதாரணமாக இசை நிகழ்ச்சி டிக்கெட்டில் 2,40,000 ரூபாய் வந்தது, மண்டபம், ஒலி-ஒளி, கலைஞர்களுக்கு 90,000 போனது என்றால் மீதி 1,50,000 முழுவதும் சேவைக் கணக்குக்கு.

பிரிக்கும் வழி: நடப்பு ரசீதுப் புத்தகங்களை எடுத்து வரவை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். செலவையும் அப்படியே. வரும் மீதித் தொகையை இயக்குநர் குழுத் தீர்மானத்தில் எழுதி, இரண்டாவது சேமிப்புக் கணக்கு தொடங்கி மாற்றுங்கள். பான் எண் ஒன்றுதான். வங்கி கேட்பது: பதிவுச் சான்று, துணைவிதிகள், பான், தீர்மான நகல், கையெழுத்திடுபவர்களின் கேஒய்சி. இனி ரசீதுப் புத்தகமும் இரண்டு நிறம்.

காசோலையில் இருவர் கையெழுத்து. பொருளாளர் கட்டாயம், கூடவே தலைவர் அல்லது செயலாளர். வெளியூர் போகிறேன் என்று வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. அதைச் செய்துவிட்டு இருவர் கையெழுத்து என்று விதி வைத்திருப்பதில் அர்த்தமில்லை. கையெழுத்து மாற்றும் வேலையை ஜூன் மாதமே தொடங்குங்கள், ஏனெனில் பழையவர்கள் ஒப்பமிட்ட தீர்மானம் வங்கிக்கு வேண்டும். ஜூலையில் எல்லாரும் பதவியேற்பில் இருப்பார்கள், ஆளைப் பிடிக்க முடியாது. நன்கொடை பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வரக்கூடாது; சங்கக் கணக்கின் கியூஆர் அட்டையை வங்கியிடமே வாங்கி மேசையில் வையுங்கள்.

குழுவின் கையில் பணம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அளவு இப்படி இருக்கலாம்: சேவைக் குழுவுக்கு 5,000 ரூபாய் முன்பணம். 5,000 வரை குழுத் தலைவர் முடிவு. அதற்கு மேல் 25,000 வரை இரண்டு விலைப்புள்ளியும் பொருளாளர் ஒப்புதலும். 25,000 தாண்டினால் இயக்குநர் குழு. நிகழ்ச்சி முடிந்து ஏழு நாளில் ரசீதுகள் வரவேண்டும். முந்தைய முன்பணம் முடிக்காதவருக்கு அடுத்தது கிடையாது, அவர் யாராக இருந்தாலும். ஆட்டோ, சுமைகூலி போன்ற ரசீது கிடைக்காத செலவுக்கு வவுச்சரில் வாங்கியவர் கையெழுத்தும் கைப்பேசி எண்ணும் போதும். இன்னொரு விதி, நீங்கள் மாற்ற முடியாதது: ஆண்டு வரவுக்கு மேல் கடன் வைக்கும் செலவை இயக்குநர் குழுவே அனுமதிக்க முடியாது.

எல்லாச் சங்கமும் இடறும் இடம் ஒன்று உண்டு. சங்க ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. வருமான வரிக்கும் தணிக்கைக்கும் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே ஒவ்வொரு நிதியாண்டிலும் இரண்டு பொருளாளர் கணக்கு எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டு ஆடிட்டர் "ஏப்ரல், மே, ஜூன் ரசீதுகள் எங்கே" என்று கேட்கும்போது அவை முன்னாள் பொருளாளரின் வீட்டுப் பரணில் இருக்கும். எனவே ஜூன் 30 தேதியிட்ட இருப்புநிலை, வங்கிக் கணக்கு ஒப்பீடு, பயன்படுத்தாத ரசீது, காசோலை எண்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, பழையவரும் புதியவரும் கையெழுத்திட்டு ஃபைலோடு கைமாற்றுங்கள்.

சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா என்று பாருங்கள். பதிவானது என்றால் நிர்வாகிகள் மாறும்போது படிவம் 7 மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு நடக்கவேண்டும். ஆண்டுதோறும் நிர்வாகி மாறுவதால் படிவம் தவறிப்போய்ப் பல ஆண்டுகள் சேர்ந்துவிடும். பிறகு கட்டடமோ இடமோ பதிவு செய்யப் போகும்போதுதான் சிக்கல் தெரியும்.

80ஜி (நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் அங்கீகாரம்) வைத்திருந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்காது, அதை ரசீது எழுதும்போதே சொல்லிவிடுங்கள். ஆண்டு முடிந்ததும் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு ஏற்றினால்தான் அவர்களுக்குச் சான்று கிடைக்கும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபாருங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர் பணம் அனுப்புகிறேன் என்பார். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் எது என்று கேட்பதில் சங்கடம் வேண்டாம்.

---

கண்ணொளி_முகாம்

முகாம் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தேதி: செப்டம்பர் முதல் பாதியை விட்டுவிடுங்கள். ஆவணி முகூர்த்தங்களில் மண்டபமும் கிடைக்காது, வீட்டில் ஆளும் இருக்கமாட்டார்கள். புரட்டாசி பிறந்தபின் வரும் ஞாயிறு வசதி. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் மண்டபக்காரர்களே குறைந்த வாடகைக்கோ இலவசமாகவோ தருவார்கள். மாதக் கடைசியில் காலாண்டு விடுமுறை வந்தால் பள்ளிக்கூடமும் கிடைக்கும். நடவு, அறுவடை உங்கள் பக்கம் எப்போது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை: அரவிந்த், சங்கரா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் முகாமுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஜூலையில் கடிதம் கொடுத்தால்தான் செப்டம்பர் கிடைக்கும். யார் எதைச் செய்வது என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்கமாக மருத்துவக் குழு, கருவி, அறுவைச் சிகிச்சை, லென்ஸ், அங்கே தங்கலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. விளம்பரம், இடம், அன்றைய உணவு, தொண்டர்கள் நம் பொறுப்பு. நோயாளிகளை ஏற்றிப்போகும் பேருந்து யார் செலவு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், அதை வாய்வார்த்தையில் விடாதீர்கள். நோட்டீஸில் மாவட்ட பார்வை இழப்பு தடுப்புச் சங்கத்தின் பெயர் வரவேண்டுமா என்பதையும் மருத்துவமனையே சொல்லும். அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

இடம்: தரைத்தளம், அருகிலேயே கழிப்பறை, சாய்தளம் இருந்தால் நல்லது. பார்வை அளவு பார்க்க 6 மீட்டர் நேர் தூரம் வேண்டும், இரண்டு அட்டை மாட்ட இடம் இருந்தால் வரிசை இரண்டு மடங்கு வேகமாக நகரும். கண்ணாடி அளவு பார்க்க வெளிச்சம் மங்கிய அறை ஒன்று. மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும், ஜெனரேட்டர் கட்டாயம். வரிசை இப்படி ஓடும்: பதிவு, பார்வை அளவு, முதற்கட்டப் பரிசோதனை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணாடி அளவு, மருத்துவரின் இறுதிப் பரிசோதனை, ஆலோசனை. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் பத்து மணிக்கே நெரிசல்.

300 பேர் வருவார்கள் என்று வைத்து ஆள் கணக்கு: பதிவில் எழுத 4, டோக்கனுக்கு 2, ஒவ்வொரு மேசையிலிருந்தும் அடுத்த மேசைக்குக் கைப்பிடித்து அழைத்துப்போக 8, உணவு 4, பேருந்துப் பட்டியல் 2, தண்ணீரும் கழிப்பறையும் 2. இருபத்திரண்டு பேர். சங்கத்தில் அன்று பத்துப் பேர் வந்தால் பெரிது, மீதிக்கு லியோ சங்கம் (லயன்ஸின் இளைஞர் பிரிவு) அல்லது கல்லூரி என்எஸ்எஸ் மாணவர்களை ஆகஸ்ட்டிலேயே கேட்டுவிடுங்கள். முந்தைய நாள் மாலை அரை மணி நேரம் இடத்திலேயே நின்று பழக்கவேண்டும். பதிவுத் தாளில் தெரு, அடையாளம், வீட்டில் வேறொருவரின் கைப்பேசி எண் மூன்றும் விடுபடக் கூடாது. தாத்தாவிடம் போன் இருக்காது, மறுபரிசோதனைக்குக் கூப்பிட வேறு வழியில்லை.

விளம்பரத்தில்தான் முகாம் தோற்கிறது. ஊருக்குள் பத்து பிளெக்ஸ் வைத்தால் வருவது ஊருக்குள் இருப்பவர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே மருத்துவமனை தெரியும். வரவேண்டியவர்கள் 15 கிலோமீட்டர் சுற்றிலும் உள்ள கிராமங்களில் இருக்கிறார்கள். வரைபடத்தில் 20 கிராமம் குறித்து, உறுப்பினருக்கு இரண்டாகப் பிரியுங்கள். நோட்டீஸ் 4,000 போதும், போய்ச் சேரும் இடம்தான் முக்கியம்: ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் இடம், மகளிர் குழுக் கூட்டம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு ஆராதனை. ஒலிபெருக்கி ஆட்டோ கடைசி இரண்டு நாள், காவல் நிலைய அனுமதியோடு. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் அறிவித்தால் மறந்துவிடுவார்கள்.

நோட்டீஸில் கட்டாயம் இருக்கவேண்டியவை: காலைச் சாப்பாடு சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டே வரவும், ஆதார் அல்லது ரேஷன் அட்டை நகல், மாற்றுத்துணி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் இருசக்கர வாகனம் ஓட்டி வரவேண்டாம். முதல் வரியை விட்டுவிட்டால் வெறும் வயிற்றோடு வந்து பதினொரு மணிக்கு மயங்கி விழுவார்கள். மாத்திரை போடாமல் வந்தவருக்கு அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருக்கும், அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வாகியும் தள்ளிப்போகும்.

300 பேரில் கண்புரைக்குத் தேர்வாகிறவர்கள் 40 முதல் 60 என்று வைத்துப் பேருந்து பேசுங்கள். தேர்வானவர்களில் சிலர் அன்றே கிளம்ப மறுப்பார்கள். காரணம் பெரும்பாலும் பயம் இல்லை. மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, பேரப்பிள்ளையை விட்டு வரமுடியாது. மாற்றுத்துணியோடு வா என்று முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மதியச் சாப்பாடு 120 பேருக்கு: மருத்துவக் குழு 15, தொண்டர் 25, தேர்வானவர்களும் துணைக்கு வந்தவர்களும் மீதி. தண்ணீர் 20 லிட்டர் கேன் பத்து.

தொடக்க விழா பற்றி ஒரு வார்த்தை. பரிசோதனை காலை 8 மணிக்குத் தொடங்கட்டும். சிறப்பு விருந்தினர் எப்போது வந்தாலும் ஒரு மூலையில் பத்து நிமிடத்தில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போகட்டும். அவருக்காக வரிசையை நிறுத்தினால் ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேரைப் பார்த்திருக்கலாம்.

பேருந்து போனதும் பணிக்குழு கலைந்துவிடுகிறது, தவறு அங்கேதான். நோயாளிகள் திரும்பும் நாளையும் நேரத்தையும் மருத்துவமனையிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பேருந்து வந்து நிற்கும் இடத்தில் இரண்டு பேர் ஆட்டோவோடு இருக்கவேண்டும். இருட்டிய பிறகு கண்ணில் கட்டோடு வரும் பாட்டியைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தக் கிராமத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். சுமார் ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபரிசோதனை. அதற்கும் போன் செய்து அழைக்கவேண்டும். அது முடிந்து கணக்கும் ஒப்படைத்த பிறகு கலையுங்கள்.

---

மல்லிகைப்பந்தல்

பழைய செயலர் ஐயா சொன்ன நான்கு குழுவோடு ஐந்தாவது ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. முகாமுக்குத் தேதி உண்டு. கண் தானத்துக்குத் தேதி கிடையாது. இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். அதைத் தற்காலிகப் பணிக்குழுவால் நடத்த முடியாது.

பல ஊர்ச் சங்கங்களில் இறந்தவர் உடலை வைக்கும் ஃப்ரீசர் பெட்டி இருக்கிறது. மரணச் செய்தி ஊரில் முதலில் எட்டுவது அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவருக்குத்தான். பெட்டியை ஒரு குழுவும் கண் தானத்தை இன்னொரு குழுவும் வைத்திருந்தால் இரண்டும் சந்திப்பதற்குள் நேரம் போய்விடும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்கவேண்டும், முன்னதாக இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே ஒரே குழு, ஒரே எண். இரண்டு பேர் வாரம் மாற்றி வைத்திருக்கட்டும்.

போன் எடுப்பவர் கேட்கவேண்டியது: எத்தனை மணிக்கு இறந்தார், என்ன காரணம், யாரிடம் பேசினால் குடும்பம் கேட்கும். நேரே துக்கக்காரரிடம் கேட்காதீர்கள். மாப்பிள்ளை, மைத்துனர், குடும்ப மருத்துவர் வழியாகக் கேட்பதே முறை. உறுதிமொழிப் படிவம் இருந்தாலும் நெருங்கிய உறவின் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. சம்மதித்ததும் சொல்லவேண்டியவை: மின்விசிறியை நிறுத்துங்கள், இமையை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலையைத் தலையணையில் சற்று உயர்த்துங்கள், மருத்துவரின் இறப்புச் சான்றைத் தயாராக வையுங்கள். கண் வங்கிக் குழு வந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முகம் விகாரமாகாது. சர்க்கரை நோய், கண்ணாடி, கண்புரை அறுவை செய்தது எதுவும் தடையில்லை. ரேபிஸ், எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி போன்ற தொற்றுகள் இருந்தால் எடுக்கமாட்டார்கள். முடிவு அவர்களுடையது, நாம் போனிலேயே தட்டிக்கழிக்க வேண்டாம்.

பெட்டிக்கு ஒரு ஏடு வையுங்கள்: எடுத்த நேரம், வந்த நேரம், வாங்கியவர், கம்ப்ரசர் நிலை. திரும்பியதும் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் குளிர்கிறதா என்று பார்த்தபிறகே அடுத்த வீட்டுக்கு. சக்கர நாற்காலி, வாக்கர், காற்றுப்படுக்கை இரவல் கொடுப்பதும் இதே ஏட்டில் போகலாம். முன்வைப்புத்தொகை வாங்காமல் கொடுத்த வாக்கர் திரும்பி வராது. வசதியில்லாதவருக்குத் தொகையைத் தள்ளிக்கொடுங்கள், ஆனால் ஏட்டில் எழுதாமல் கொடுக்காதீர்கள்.

---

தாலுகாக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன ஐந்தாவது குழுவையும் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு. சந்தா கட்டாமல் இரண்டு ஆண்டாகப் பெயர் மட்டும் இருப்பவர்கள் ஆறு பேர். மாவட்டத்தில் எண்ணிக்கை குறையக்கூடாது என்கிறார்கள். அடுத்து, முன்னாள் தலைவர்கள் ஒவ்வொரு குழுவிலும் தலையிடுகிறார்கள். மரியாதை குறையாமல் என்ன செய்வது?

---

கணக்குப்பிள்ளை

சர்வதேச சங்கத்தின் சந்தா பில் ஜூலையிலும் ஜனவரியிலும் அப்போதைய உறுப்பினர் பட்டியலை வைத்து வரும், டாலரில். ஜூன் 30க்குள் நீக்காத ஆறு பேருக்கும் அரையாண்டுச் சந்தாவைச் சங்கம் கட்டியாகவேண்டும். அந்தப் பணம் நிர்வாகக் கணக்கில், அதாவது மற்ற 28 பேர் சந்தாவிலிருந்து போகிறது. கட்டாமல் விட்டால் நிலுவை சேர்ந்து 120 நாளைத் தாண்டும்போது சங்கமே இடைநீக்கத்துக்குப் போகலாம். மே மாதம் உறுப்பினர் குழு ஆறு பேரையும் நேரில் பார்க்கட்டும், ஜூன் 10க்குள் எழுத்தில் பதில் வாங்கட்டும், ஜூன் மூன்றாம் வாரம் தீர்மானம் போட்டு லயன்ஸ் போர்ட்டலில் செயலாளர் நீக்கட்டும். ஜூலை 1 வந்தபின் நீக்கினால் டிசம்பர் வரைக்குமான தொகை போனது போனதுதான். எண்ணிக்கை பற்றிக் கவலைப்படுபவர்களிடம் இந்த ஆறு பேரின் சந்தாவை யார் கட்டுவது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

---

பழைய செயலர்

முன்னாள் தலைவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள், வேறு யாராலும் முடியாத வேலை: வேட்பாளர் தேர்வுக் குழு. அடுத்த ஆண்டுக்கு யார் யார் என்று மார்ச் மாதம் பரிந்துரைப்பது அவர்கள் பொறுப்பு. ஊர்ப் பெரியவர்களிடம் நன்கொடை கேட்கப் போகும்போது முன்னால் நிற்பதும் அவர்களே. மற்றக் குழுக்களில் உடனடி முன்னாள் தலைவர் தவிர வேறு யாருக்கும் பதவிவழி இடம் வேண்டாம். கருத்துச் சொல்ல விரும்பினால் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கட்டும், நிகழ்ச்சி நிரலில் ஏற்றிவிடலாம். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் பாதி யோசனை தானாக நின்றுவிடும். வருகிற பாதி பெரும்பாலும் நல்ல யோசனையாகவே இருக்கும்.

சேவை அறிக்கையை மாதக் கடைசியில் போர்ட்டலில் ஏற்றுவது யார் என்பதையும் இப்போதே பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். முகாமில் பதிவேட்டில் 287 பேர் என்றால் 287 என்றே போடுங்கள், 500 வேண்டாம். அடுத்த ஆண்டு சாப்பாட்டுக் கணக்குப் போடப்போகிறவர் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்.